மருந்து தடுப்பூசியாக மாறிவிடும் இடங்கள்

ராணிப்பேட்டையில் கால்நடைகளுக்குத் தடுப்பூசி தயாரிக்கும் அரசு நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு உள்ள பெரிய கவலை, ஊசி போட்ட பிறகு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) போதுமான அளவு எழும்புமா என்பது. அதே நெடுஞ்சாலையில் மேற்கே வந்தால் வேலூர். இங்கே டயாலிசிஸ் பிரிவிலும், மூட்டுவாத வெளிநோயாளிப் பிரிவிலும், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கும் தினமும் புரத ஊசி போடுகிறார்கள். இவர்களுடைய கவலை நேர் எதிரானது. எதிர்ப்பொருள் எழும்பிவிடக் கூடாதே என்பதுதான் அது.

புரத மருந்துகளின் வேண்டாத எதிர்ப்பைப் புரிந்துகொள்ள, தடுப்பூசிக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதே நல்ல வழி. அவர்கள் புரதத்தை அலுமினிய உப்பின் துகளில் ஒட்டவைப்பார்கள். நுண்ணுயிரின் சாயல் உள்ள துணைப்பொருளைச் சேர்ப்பார்கள். தோலுக்கு அடியிலோ தசையிலோ போடுவார்கள். சில வாரம் இடைவெளி விட்டு பூஸ்டர் கொடுப்பார்கள். துகள், துணைப்பொருள், போடும் இடம், இடைவெளி விட்ட மறு ஊசி. இந்த நான்கும் ஒரு புரத மருந்தின் பயணத்தில் நமக்குத் தெரியாமல் எங்கே நடந்துவிடும் என்று தேடுவதுதான் ஆபத்து மதிப்பீட்டில் முக்கால்வாசி வேலை. அந்தப் பயணம் தொழிற்சாலை வாசலோடு முடிவதில்லை. குடியாத்தத்திலோ ஜவ்வாது மலையிலோ ஒரு வீட்டு ஃப்ரிட்ஜ் வரைக்கும் போகிறது.

மதிப்பீட்டை எப்போதும் இரண்டு கேள்வியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எத்தனை பேருக்கு எதிர்ப்பொருள் வரும்? வந்தால் என்ன ஆகும்? இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். சதவீதத்தை வைத்து மருந்துகளைத் தரம் பிரிக்கப் பார்க்கிறார்கள். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டாவது கேள்விதான்.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டு இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து 3 அமினோ அமிலங்களில் மாறுபடும், பன்றி இன்சுலின் ஒன்றில். 1982இல் மரபணுத் தொழில்நுட்பத்தில் செய்த மனித இன்சுலின் சந்தைக்கு வரும்வரை இவைதான் எல்லோருக்கும் கிடைத்தன. போட்டுக்கொண்டவர்களில் மிகப் பலருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் சர்க்கரைக் கட்டுப்பாட்டில் சொல்லும்படி எதுவும் மாறவில்லை. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் இதற்குத் தலைகீழ். லட்சக்கணக்கானவர்கள் போட்டுக்கொள்கிறார்கள், மிக மிகச் சிலருக்கே எதிர்ப்பொருள் வருகிறது. வந்துவிட்டால் அது ஊசியில் வந்த எரித்ரோபொய்டினை மட்டும் பிடிப்பதில்லை. அந்த நோயாளியின் சிறுநீரகம் சொந்தமாகச் சுரக்கும் கொஞ்சநஞ்சத்தையும் பிடித்துவிடுகிறது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தி அடியோடு நின்றுவிடும். பிறகு வாரா வாரம் ரத்தம் ஏற்ற வேண்டியதுதான்.

ரத்தத்தட்டுகளைப் பெருக்கும் திராம்போபொய்டினுக்கும் இதே கதை நடந்தது. அதன் பெகிலேற்றிய (பெக் என்ற பாலிமர் சங்கிலி ஒட்டிய) வடிவம் ஒன்றை ஆய்வில் கொடுத்தபோது சிலருக்கு எதிர்ப்பொருள் உருவாகி, அவர்களுடைய சொந்த திராம்போபொய்டினையும் முடக்கி, தட்டணுக்கள் சரிந்தன. 1998இல் அந்த மருந்தின் ஆய்வுகளை நிறுத்திவிட்டார்கள். அதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்த புற்றுநோயாளிகளைவிட ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குத்தான் பாதிப்பு அதிகமாக வந்தது. நோயெதிர்ப்பு மண்டலம் முழு பலத்தோடு இருப்பவரிடம் சோதிக்காமல், பலவீனமானவரிடம் மட்டும் சோதித்துவிட்டு 'எதிர்ப்பு இல்லை' என்று எழுதுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆக, மதிப்பீட்டின் முதல் வரியில் எழுத வேண்டியது இது: இந்த மருந்துக்கு உடம்பில் ஒரு இரட்டை இருக்கிறதா? அந்த இரட்டையின் வேலையைச் செய்ய வேறு ஆள் உண்டா? இரட்டை உண்டு, மாற்று ஆள் இல்லை என்றால், எதிர்ப்பு வரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே இருந்தாலும் அந்த மருந்தை உச்ச ஆபத்துப் பட்டியலில்தான் வைக்க வேண்டும்.

இனி அந்த நான்கு இடங்கள்.

துகளை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நம் ஊர் வெயிலுக்கும் பங்கு இருக்கிறது. புரத மூலக்கூறுகள் மடிப்பு கலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் திரளாகும். ஒரே வடிவம் வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் பரப்பை, எதிர்ப்பொருள் சுரக்கும் வெள்ளணுவான பி செல் வைரஸ் என்றே எண்ணிக்கொள்ளும். தனி மூலக்கூறாக இருந்தவரை கண்டுகொள்ளாத உடம்பு, திரளானதும் விழித்துக்கொள்கிறது. தொழிற்சாலையில் திரளை அளக்கும் வழக்கமான கருவி, அளவு வாரியாகப் பிரிக்கும் நிறப்பிரிகைப் பத்தி (குரோமடோகிராஃபி குழாய்). அதில் ஒரு பொறி இருக்கிறது. பெரிய திரள்கள் பத்தியின் முகப்பு வடிகட்டியிலேயே மாட்டிக்கொள்ளும். அறிக்கையில் 99 சதவீதம் ஒற்றை மூலக்கூறு என்று அழகாக வரும். அதனால் மொத்தமாக வெளிவந்த புரதத்தின் அளவு உள்ளே செலுத்திய அளவோடு பொருந்துகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். துகள் எண்ணும் சோதனையிலும் இடைவெளி உண்டு. அமெரிக்க மருந்தியல் தர நூலின்படி சிறிய கொள்ளளவு குப்பி ஒன்றுக்கு 10 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள் 6,000க்குள்ளும், 25 மைக்ரானும் மேலும் உள்ளவை 600க்குள்ளும் இருக்க வேண்டும். ஆனால் எதிர்ப்பைத் தூண்டுவதில் 10 மைக்ரானுக்குக் கீழே உள்ளவற்றின் மீதும் சந்தேகம் இருக்கிறது. 2 முதல் 10 மைக்ரான் வரை தனியாக எண்ணி, காலப்போக்கில் கூடுகிறதா என்று பார்க்காத மருந்து ஆவணத்தை முழுமையானது என்று ஏற்கக் கூடாது.

எரித்ரோபொய்டின் விவகாரம் இங்கேதான் பாடமாகிறது. எபோயெட்டின் ஆல்ஃபா என்ற எரித்ரோபொய்டின் மருந்தின் ஒரு வடிவத்தில் 1998இல் மனித ரத்தப் புரதமான அல்புமினை எடுத்துவிட்டு, சோப்பு போல வேலை செய்யும் பாலிசார்பேட் 80 சேர்த்தார்கள். அல்புமின் வழியாக நோய் தொற்றிவிடுமோ என்ற நியாயமான பயம்தான் காரணம். அதற்குப் பிறகு, முக்கியமாகத் தோலுக்கு அடியில் ஊசி போட்டுக்கொண்ட சிறுநீரக நோயாளிகளிடம், சிவப்பணு உற்பத்தி நின்றுபோகும் சம்பவங்கள் கூடின. பாலிசார்பேட் சிரிஞ்சின் ரப்பரிலிருந்து வேதிப்பொருள்களைக் கரைத்து இழுத்தது என்பது ஒரு விளக்கம். சிலிக்கான் எண்ணெய், சேமிப்புக் கோளாறு என்று வேறு விளக்கங்களும் உண்டு. ரப்பருக்கு ஃப்ளூரோபாலிமர் பூச்சு கொடுத்து, தோலடி ஊசியைக் கட்டுப்படுத்திய பிறகு சம்பவங்கள் குறைந்தன. பின்னால் வேறொரு எபோயெட்டின் ஆய்வில் 2 பேருக்கு எதிர்ப்பொருள் வந்தபோது, கண்ணாடிச் சிரிஞ்சில் ஊசித்துளை போடப் பயன்படும் கம்பியிலிருந்து வந்த டங்ஸ்டன் எச்சம் புரதத்தைத் திரளச் செய்திருந்ததைக் கண்டார்கள். புரதம் மாறவில்லை, தொட்டுக்கொண்டிருந்த பாத்திரம்தான் மாறியது. எனவே ரப்பர், கண்ணாடி, எண்ணெய்ப் பூச்சு எல்லாமே மருந்தின் பாகம் என்றே மதிப்பீட்டில் எழுத வேண்டும்.

இப்போது வேலூருக்கு வருவோம். மருத்துவமனைக்கு எதிரே உள்ள மெடிக்கல் ஷாப்பில் எரித்ரோபொய்டினோ, மூட்டுவாத மருந்தான அடலிமுமாப்போ வாங்குகிறார்கள். கடைக்காரர் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்து, அதன் மேலேயே சிரிஞ்சை வைத்து டேப் ஒட்டிக் கொடுக்கிறார். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் உறைபெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ் பேக் பூஜ்யத்துக்கு வெகு கீழே இருக்கும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிரிஞ்சு உறைந்துவிடும். திருப்பத்தூர் போய்ச் சேர்வதற்குள் உருகியும் விடும். பார்த்தால் தெளிந்த நீர் போலத்தான் தெரியும், உறைந்து உருகியதற்கு அடையாளமே இருக்காது. உறையும்போது நீர் முதலில் பனிக்கட்டியாகி, புரதமும் உப்பும் மிச்ச நீரில் நெருக்கித் தள்ளப்படுகின்றன. பனிக்கட்டியின் பரப்பில் புரதம் மடிப்பு கலைகிறது. நம் ஊரில் எல்லோரும் சூட்டுக்குப் பயப்படுகிறார்கள், உறைவுக்கு யாரும் பயப்படுவதில்லை. இரண்டுமே கெடுதல்.

செய்ய வேண்டியது இதுதான். ஐஸ் பேக்கை வெளியே எடுத்து, மேலே வேர்த்து, ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்கும்வரை வைத்திருக்க வேண்டும். தடுப்பூசி முகாம்களில் செவிலியர்கள் செய்வதும் இதைத்தான். பிறகு ஐஸ் பேக்குக்கும் மருந்துக்கும் நடுவே மடித்த துணியோ அட்டையோ வேண்டும். மருந்தை அதன் அட்டைப் பெட்டியோடே வைக்க வேண்டும், வெளிச்சமும் புரதத்தைக் கெடுக்கும். வீட்டு ஃப்ரிட்ஜில் கதவுப் பக்கமும் வேண்டாம், உறைபெட்டியை ஒட்டியும் பின்சுவரை ஒட்டியும் வேண்டாம், நடுத்தட்டுதான் சரி. கரைக்கும்போதும் எடுக்கும்போதும் குலுக்கக் கூடாது. காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதம் விரிந்து திரளும், நுரை வந்தால் அதுதான் நடக்கிறது.

சில மருந்துகளின் துண்டுச்சீட்டில் 'அறை வெப்பநிலையில் 14 நாள் வைக்கலாம்' என்று இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே '25 டிகிரிக்குள்' என்றும் இருக்கும். கத்திரி வெயிலில் வேலூரில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது ஓட்டு வீட்டுக்குள் 25 டிகிரி எங்கே கிடைக்கும்? அந்தச் சலுகை இங்கே ஏப்ரல், மே, ஜூனில் இல்லை என்றே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினுக்கு மட்டும் ஈர மணலில் வைத்த மண்பானை ஓரளவு கைகொடுக்கும், வறண்ட காற்றில் நன்றாகவே குளிரும். திறக்காத குப்பிக்கும் மற்ற புரத மருந்துகளுக்கும் 2 முதல் 8 டிகிரி என்றால் அதேதான், பானை போதாது.

துணைப்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஈ.கோலை பாக்டீரியாவிலோ சீன வெள்ளெலியின் (ஹாம்ஸ்டர்) சூலக செல்லிலோதான் பெரும்பாலான புரதங்கள் தயாராகின்றன. அந்தச் செல்களின் சொந்தப் புரதமும், பாக்டீரியாச் சுவரின் நச்சான எண்டோடாக்சினும் துளி மிஞ்சினாலும் அலாரம் அடிக்கும். எண்டோடாக்சினை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்திக்கொள்வது பழைய வழக்கம். ஃப்ளாஜெலின் (பாக்டீரியா வாலின் புரதம்), பாக்டீரியா டிஎன்ஏ போன்றவை அந்தச் சோதனையில் அகப்படாது. மனித ரத்தத்தின் வெள்ளணுக்களோடு மருந்தைச் சேர்த்து, அவை சுரக்கும் அழற்சிச் சமிக்ஞையான சைட்டோகைனை அளப்பது இதற்கு நல்ல வலை. தயாரிக்கும் செல் புரதத்தின் மேல் ஏற்றும் சர்க்கரைச் சங்கிலியையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். செடுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்து முதல் டோஸிலேயே அனஃபைலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை) ஏற்படுத்தியது அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் அதிகமாக இருந்தது. அதைத் தயாரித்த சுண்டெலி செல் ஏற்றிய ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரைதான் காரணம் என்று 2008இல் வெளியானது. அங்கே உண்ணி கடித்தவர்களின் உடம்பில் அந்தச் சர்க்கரைக்கு எதிரான ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருள்) ஏற்கெனவே காத்திருந்தது. மருந்து ஒன்றுதான், ஊர் மாறியதும் ஆபத்தும் மாறிவிட்டது.

போடும் இடம் பற்றியும் நீட்ட வேண்டியதில்லை. தோலில், அந்நியப் பொருளைப் பிடித்து நோயெதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டும் டென்ட்ரிடிக் செல்கள் நெருக்கமாக இருக்கின்றன, மருந்து அங்கே மணிக்கணக்கில் தங்குகிறது. பொதுவாகத் தோலடி ஊசிக்கு எதிர்ப்பு வாய்ப்பு நரம்பூசியைவிட அதிகம். நரம்பு வழியில் இருந்து தோலடிக்கு மாற்றும்போது பழைய ஆய்வுத் தரவை அப்படியே எடுத்துவைக்க முடியாது.

இடைவெளி விட்ட மறு ஊசிதான் நம் நாட்டில் மிகக் குறைவாகப் பேசப்படும் காரணி. குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய்க்கான இன்ஃப்ளிக்ஸிமாப்பை முறையாக 8 வாரத்துக்கு ஒருமுறை எடுத்தவர்களில் எதிர்ப்பொருள் வந்தது சுமார் 10 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. நோய் தலைதூக்கும்போது மட்டும் எடுத்தவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம். மருந்து எப்போதும் ரத்தத்தில் இருந்தால் உடம்பு பழகிக்கொள்கிறது. வந்து, காணாமல் போய், மறுபடி வந்தால் அது பூஸ்டர்தான். இங்கே மருந்து நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் பணம். காப்பீட்டு ஒப்புதல் தாமதமாகிறது, அறுவடைக் காசு கைக்கு வரட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். ஆறு மாதம் விட்ட பிறகு அதே மருந்தைத் தொடங்கும்போது, முதல் டோஸை மருத்துவமனையில் வைத்து, மெதுவாக ஏற்றி, அட்ரினலினைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். தொடர்ந்து வாங்க வழியில்லாத குடும்பத்துக்கு அந்த மருந்தைத் தொடங்கும் முன்பே இதைப் பேசிவிடுவது மருத்துவரின் கடமை என்பது என் உறுதியான கருத்து. பாதியில் நின்ற மருந்து பின்னால் திரும்ப வேண்டியிருக்கும்போது பயன்படாமல் போய்விடலாம். முடக்குவாதத்தில் அடலிமுமாப்போடு மெத்தோட்ரெக்சேட் சேர்ப்பது எதிர்ப்பைக் குறைக்கும், வாரம் 10 மி.கி. அளவிலேயே பலன் தெரிகிறது. நோயாளி 'ஊசிதான் போடுகிறேனே' என்று அந்த மாத்திரையை மட்டும் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. கேட்டால்தான் சொல்வார்கள்.

நோயாளியின் மரபணுவும் கணக்கில் வர வேண்டும். புரதத்தை 15 அமினோ அமிலத் துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று கவியும்படி வெட்டி, எந்தத் துண்டின் 9 அமினோ அமில மையப்பகுதி துண்டுகளைச் செல்லின் மேல் ஏந்திக் காட்டும் எச்எல்ஏ மூலக்கூறின் எந்த வகையில் பொருந்தும் என்று மென்பொருளில் பார்ப்பது இப்போது வழக்கம். உலகத்துக்கே பொது என்று டிஆர்பி1 என்ற எச்எல்ஏ மரபணுவின் 8 வகைகளை வைத்து ஓட்டுகிறார்கள். நம் மக்களிடம் டிஆர்பி1*15, *07 அதிகம், அவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஐரோப்பியரைவிட நம்மிடம் கூடுதலாகக் காணப்படும் *10, *14 வகைகளைச் சேர்க்காமல் ஓட்டினால் அந்த மதிப்பீடு நமக்கானது இல்லை. அதே சமயம், மென்பொருள் எப்போதும் மிகையாகவே எச்சரிக்கும். பொருந்தும் துண்டெல்லாம் செல்லுக்குள் உண்மையில் வெட்டுப்பட்டு வெளியே காட்டப்படுவதில்லை. அதனால் அந்தத் துண்டுகளை அடையாளம் காணும், மனித ரத்தத்து டி செல்களோடு ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

ஹீமோஃபீலியாவில் இந்த மரபணுக் கணக்கு கண்ணுக்கு நேரே தெரியும். கடும் ஹீமோஃபீலியா ஏ உள்ள குழந்தைகளில் சுமார் 30 சதவீதம் பேருக்கு, ஏற்றும் எட்டாம் காரணிக்கு (ரத்தம் உறைய உதவும் புரதம்) எதிராகத் தடுப்பான் என்ற எதிர்ப்பொருள் உருவாகிறது. மரபணுவில் பெரிய பகுதி இல்லாமல் போயிருந்தால், அந்தப் புரதத்தை உடம்பு பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லை, ஆபத்து அதிகம். ஒற்றை எழுத்து மாறிய பிழை என்றால் குறைவு. வேலூர் சிஎம்சி நீண்ட காலமாக ஹீமோஃபீலியாவுக்குப் பேர்போன இடம். லென்டிவைரஸ் வழி மரபணு சிகிச்சையை 5 பேருக்கு அளித்து 2024இல் முடிவு வெளியிட்டதும் இங்கேதான். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்கும் குடும்பங்களில் ஹீமோஃபீலியாப் பிள்ளைகளும் உண்டு. ஆபத்து காலம் முதல் 50 மருந்து நாள்கள் (காரணி ஏற்றிய நாள்கள் மட்டுமே கணக்கு), அதிலும் முதல் 20தான் உச்சம். அதனால் முதல் 20 நாள் வரை 5 மருந்து நாளுக்கு ஒருமுறையும், 50 வரை 10 நாளுக்கு ஒருமுறையும் சோதிக்கச் சொல்கிறார்கள். ஊருக்குத் திரும்பும் குடும்பத்திடம் 'மூன்று மாதம் கழித்து வாருங்கள்' என்றால் பயனில்லை. இத்தனையாவது ஊசிக்குப் பிறகு ரத்தம் கொடுக்க வேண்டும் என்று எண்ணிக்கையாகச் சொல்லி, அட்டையில் ஊசி தேதிகளைக் குறிக்கச் சொல்ல வேண்டும். ஹீமோஃபீலியா பி (ஒன்பதாம் காரணிக் குறைபாடு) என்றால் தடுப்பான் அரிது, ஆனால் அதோடு அனஃபைலாக்சிஸ் வரலாம். முதல் 10 முதல் 20 ஊசிகள் மருத்துவமனையில்தான்.

தடுப்பானை அளக்கும் பெதெஸ்டா சோதனையில் அடிக்கடி நடக்கும் தவறுகள் உண்டு. நோயாளியின் பிளாஸ்மாவையும் சாதாரண பிளாஸ்மாவையும் சரிபாதி கலந்து 37 டிகிரியில் 2 மணி நேரம் வைக்க வேண்டும். எட்டாம் காரணித் தடுப்பான் மெதுவாக வேலை செய்யும், கலந்தவுடனே பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். 2 மணி நேரத்தில் காரணியின் செயலில் பாதியை அழிக்கும் அளவுதான் ஒரு பெதெஸ்டா அலகு. 5 அலகுக்கு மேல் போனால் உயர் அளவு. நோயாளி அண்மையில் காரணி ஏற்றியிருந்தால், மாதிரியை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி மிச்சக் காரணியை அழித்துவிட்டுச் செய்ய வேண்டும், இல்லையென்றால் தடுப்பான் ஒளிந்துகொள்ளும். ஹெப்பாரின் ஓடிய குழாயிலிருந்து எடுத்த ரத்தம் பொய் முடிவு தரும். எட்டாம் காரணியின் வேலையைச் செய்யும் எமிசிஸுமாப் மருந்தை எடுப்பவர்களிடம், ஏபிடிடி என்ற உறைதல் நேரச் சோதனை அடிப்படையிலான எந்தச் சோதனையும் நம்பத்தக்கதல்ல, மருந்தே ஏபிடிடியைச் சாதாரணமாக்கிக் காட்டும். அவர்களுக்கு மாட்டுப் புரதங்களைக் கொண்டு, நிற மாற்றத்தை அளந்து செய்யும் குரோமோஜெனிக் முறைதான்.

மற்ற மருந்துகளுக்கு எதிர்ப்பொருளை அளப்பது படிப்படியாக நடக்கும். 96 குழித் தட்டில் மருந்தைப் பூசி, இரவு முழுக்க ஒட்டவிட்டு, கழுவி, வெறும் இடங்களை ஆல்புமினால் அடைத்து, நீர்த்த சீரத்தை விட்டு, மேலே பயோட்டின் (பின்னால் நிறம் வரவைக்க உதவும் அடையாளக் குறி) ஒட்டிய அதே மருந்தை விடுவார்கள். எதிர்ப்பொருளுக்கு இரண்டு கை. ஒரு கை தட்டில் இருப்பதையும் இன்னொரு கை பயோட்டின் மருந்தையும் பிடித்தால் பாலம் ஆகும், நிறம் வரும். கேட்க எளிமையாக இருக்கும். செய்தால்தான் தெரியும் எங்கெல்லாம் பிசகும் என்று. பயோட்டினை அதிகமாக ஒட்டினால் எதிர்ப்பொருள் பிடிக்கும் இடமே மூடிப்போகும். தட்டின் ஓரக் குழிகள் சீக்கிரம் காயும், மூடி சரியில்லை என்றால் ஓரத்தில் மட்டும் அளவு கூடித் தெரியும். முடக்குவாத நோயாளியின் ரத்தத்தில் இருக்கும், மற்ற எதிர்ப்பொருள்களையே பிடிக்கும் ருமட்டாய்டு காரணி, மருந்துக்கான எதிர்ப்பொருள் இல்லாமலேயே பாலம் போட்டுவிடும். மருந்தின் இலக்குப் புரதம் ரத்தத்தில் இரட்டையாக மிதந்தால் அதுவும் போடும். ஐஜிஜி4 வகை எதிர்ப்பொருள் தன் ஒரு கையை மாற்றிக்கொள்ளும் இயல்புடையது, பாலம் போடாமல் தப்பிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறுக்கீடு மருந்துதான். ரத்தத்தில் மருந்து மீந்திருந்தால் எதிர்ப்பொருளின் இரண்டு கையும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், தட்டில் ஒன்றும் பிடிக்காது. முடிவு 'எதிர்மறை' என்று வரும். அதனால் அடுத்த டோஸுக்குச் சற்று முன் மாதிரி எடுக்க வேண்டும். அசிட்டிக் அமிலத்தில் பிஎச் 3 அளவுக்குக் கொண்டுபோய் இணைப்பைப் பிரித்து, பிறகு நடுநிலையாக்கிச் சோதிக்க வேண்டும். முதல் டோஸுக்கு முன் ஒரு மாதிரி கட்டாயம், அது இல்லாமல் பின்னால் வரும் எந்த முடிவுக்கும் அர்த்தம் கிடைக்காது. மருந்தை நிறுத்திய பிறகு 5 அரையாயுள் (ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் காலம்) கழித்தும் ஒன்று வேண்டும். மருந்தாகப் போடும் மோனோகுளோனல் எதிர்ப்பொருளின் அரையாயுள் சுமார் 21 நாள் என்றால், அது 105 நாள்.

எது நேர்மறை என்று தீர்மானிக்கும் எல்லைக்கோட்டை, மருந்தே எடுக்காத, அதே நோயுள்ள குறைந்தது 50 பேரின் சீரத்தைக் கொண்டு, இரண்டு பேராவது, மூன்று நாளாவது ஓட்டிப் போட வேண்டும். முதல் படியில் 5 சதவீதம் பேர் பொய்யாக நேர்மறை வரும்படி வேண்டுமென்றே வைக்கிறார்கள். பொய்யாக வருவது பரவாயில்லை, உண்மையானது தப்பிவிடக் கூடாது என்பது நோக்கம். இரண்டாவது படியில் தாராளமாக மருந்தைக் கலந்து ஓட்டினால் உண்மையான எதிர்ப்பொருளின் நிறம் மங்கும், அங்கே பொய் 1 சதவீதமாகக் குறையும். பிறகு அளவு, பிறகு அது மருந்தை முடக்குகிறதா என்ற செல் சோதனை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் 2019 வழிகாட்டுதல் கேட்கும் உணர்திறன், மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம். ஆய்வில் மருந்து எடுக்கும் முன் எடுத்த மாதிரிகளிலேயே 5 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் நேர்மறை வந்தால், எல்லைக்கோடு நம் மக்களுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஐரோப்பிய ரத்ததானிகளின் சீரத்தில் போட்ட கோட்டை இங்கே அப்படியே கொண்டுவந்தால் இது நடக்கும். இந்த முறைகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடுவதால்தான், ஒரு மருந்தின் '5 சதவீதத்தை' இன்னொன்றின் '28 சதவீதத்தோடு' ஒப்பிடக் கூடாது என்கிறோம். பயோசிமிலரை (மூல மருந்தை ஒத்ததாக வேறு நிறுவனம் செய்யும் புரத மருந்து) மூல மருந்தோடு ஒப்பிடும்போதும், இரண்டையும் ஒரே ஆய்வில், ஒரே தட்டு முறையில் ஓட்டினால்தான் ஒப்பீடு.

முடிவு கைக்கு வந்ததும் எதிர்ப்பொருளை மட்டும் பார்க்காமல் மருந்தின் அளவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மருந்து இல்லை, எதிர்ப்பொருள் உண்டு என்றால் டோஸைக் கூட்டுவது வீண், மருந்தை மாற்ற வேண்டும். இரண்டும் இல்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது ஊசி போட்டீர்களா, எப்படி வைத்திருந்தீர்கள் என்பது. மருந்து போதிய அளவில் இருந்து எதிர்ப்பொருளும் கொஞ்சம் இருந்தால், நோயாளி நலமாக இருக்கும்வரை கைவைக்க வேண்டாம்.

ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குப் போடும் அஸ்பராஜினேஸ் ஓசையில்லாமல் ஏமாற்றும். பாக்டீரியாப் புரதம் என்பதால் எதிர்ப்பு அதிகம். சில குழந்தைகளுக்கு தடிப்பு, மூச்சுத்திணறல் எதுவும் வராது. ஆனால் மருந்தின் செயல் ரத்தத்தில் பூஜ்யமாகிவிடும். ஒவ்வாமைக்கு முன்கூட்டியே ஸ்டீராய்டும் ஆன்டிஹிஸ்டமினும் கொடுத்துவிட்டால் தடிப்பு மறையும், எதிர்ப்பொருள் மறையாது. அடுத்த டோஸுக்கு முன் நொதியின் செயலை அளந்து, மில்லிலிட்டருக்கு 0.1 அலகுக்குக் கீழே இருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று கொள்ள வேண்டும்.

டயாலிசிஸ் பிரிவில் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்று. எரித்ரோபொய்டினை 8 வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு ஹீமோகுளோபின் வாரத்துக்கு 0.5 முதல் 1 கிராம் வரை திடீரென்று சரிகிறது, அல்லது வாரம் 1–2 பாட்டில் ரத்தம் தேவைப்படுகிறது. வெள்ளணுவும் தட்டணுவும் சரியாக இருக்கின்றன. ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) மைக்ரோலிட்டருக்கு 10,000க்குக் கீழே. இந்த மூன்றும் சேர்ந்தால் இரும்புச்சத்து, ரத்தக்கசிவு என்று வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. ஊசியை அன்றே நிறுத்தி எதிர்ப்பொருள் சோதனைக்கு அனுப்ப வேண்டும். டோஸைக் கூட்டுவதும், வேறு பிராண்ட் எரித்ரோபொய்டினுக்கு மாற்றுவதும் கூடாது. அந்த எதிர்ப்பொருள் எல்லா எரித்ரோபொய்டினையும் பிடிக்கும்.

அப்போது முதலில் எழும் கேள்வி, எந்தத் தயாரிப்பு, எந்தத் தொகுதி (பேட்ச்) என்பது. இந்தியாவில் எரித்ரோபொய்டின் பல பிராண்டுகளில் கிடைக்கிறது, கடையில் எது இருக்கிறதோ அதைக் கொடுக்கிறார்கள். நோயாளியின் கோப்பில் 'எரித்ரோபொய்டின் 4000 அலகு' என்று மட்டும் இருந்தால் விசாரணை அங்கேயே நின்றுவிடும். எனவே ஒவ்வொரு ஊசியின்போதும் பிராண்ட் பெயரும் தொகுதி எண்ணும் டயாலிசிஸ் அட்டையில் ஏற வேண்டும். அட்டைப் பெட்டியில் எண் அச்சிட்ட பக்கத்தைக் கத்தரித்து, தேதி எழுதி, கோப்பில் ஸ்டேப்ளர் போட்டுவைத்தாலே போதும். வீட்டில் போட்டுக்கொள்கிறவர்கள் அதை ஒரு பழைய டயரியில் ஒட்டிவைத்து, அடுத்த முறை வரும்போது கையோடு கொண்டுவரட்டும்.